தொட்டிக்குப்பத்தில் அடுப்பு எரியாத நாள்

பதிவு 71
காலை 6.10 (சென்னை நேரம்)

கோபுரம் நான்கு, நிலவின் தென்முனை. பணியில் இருப்பவர்: ஹாஜிரா, குடியிருப்பு அமைவு ஆய்வாளர். கேமரா சரி. ரேடியோ சரி. காற்று சரி. காப்பித்தூள் தீர்ந்துபோய்விட்டது. அதற்கு விதிமுறையில் பத்தி எதுவும் இல்லை.

அடுத்த ஷிப்டுக்கு வருகிறவருக்காக எழுதுகிறேன். கணினியில் எழுதினால் நிர்வாகம் படித்துவிட்டுத் திருத்தம் அனுப்பும். ஆகவே காகிதம், பென்சில்.

நீங்கள் புதியவர் என்றால் முதலில் வடக்கு ஜன்னலுக்குப் போய்க் கீழே பாருங்கள். வலப்பக்கம் பளபளவென்று தெரிவது நகரம். அதைப் பார்ப்பதற்கு நமக்குச் சம்பளம் இல்லை. இடப்பக்கம் மண்மூடிக் கிடக்கும் மேடுகள் தொட்டிக்குப்பம். நகரத்தைக் கட்ட வடசென்னையிலிருந்து ஆள் திரட்டி வந்தார்கள். கட்டி முடித்ததும், திரும்பிப் போகக் கப்பலில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த ஜனங்கள் கொஞ்ச நாள் சண்டை போட்டுப் பார்த்தார்கள். பிறகு காலி எரிபொருள் தொட்டிகளை உருட்டி வந்து, மேலே மண்ணைக் கொட்டி, தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே குழாய்ச் சந்து பொருத்திக் குடித்தனம் ஆரம்பித்துவிட்டார்கள். ஐஸ் பள்ளத்தில் வேலை செய்கிறார்கள். அதற்குக் கூலியாக நகரத்தின் காற்றுக் குழாயிலிருந்து தொட்டிக்கு ஒரு வால்வு.

நிர்வாகத்தின் அறிக்கைகளில் இதற்குப் பெயர் 'ஒழுங்கற்ற குடியிருப்பு'. எழுதியவர்கள் யாரும் ஜன்னலுக்கு வந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. சந்துகள் இப்படி வளைந்து வளைந்து போவது ஏன் தெரியுமா? தெருக்குத்து. எந்தச் சந்தும் ஒருவர் வாசலில் நேராக வந்து முட்டக் கூடாது. நிலவுக்கு வந்தும் அதை விடவில்லை. வேறு வழியே இல்லாமல் முட்டுகிற இடத்தில் ஒரு பிள்ளையார், இல்லாவிட்டால் ஒரு மாதா. இதை அறிக்கையில் எழுதினேன். 'தொடர்பில்லாத தகவல்' என்று திருப்பி அனுப்பினார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஜன்னலைத் துடைத்தேன், இரண்டு தரம்.

நம் வேலை இதுதான். தொட்டிகளின் மேல் மண் இருப்பதால் உள்ளே எத்தனை பேர் என்று கேமராவுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தொட்டியின் தலையிலும் சமையல் சூட்டை வெளியே தள்ள ஒரு தகடு உண்டு. அடுப்பு எரிந்தால் தகடு சுடும், கேமராவில் ஆரஞ்சுப் புள்ளி விழும். சோறு வேகிறது, ஆகவே ஆள் இருக்கிறது. ஏழு நாள் புள்ளியே விழவில்லை என்றால் கணினி அந்தத் தொட்டியைக் 'காலி' என்று குறித்துக்கொள்ளும். வால்வை மூடி, உள்ளே மிச்சமிருக்கும் காற்றையும் நகரத்துக்கு இழுத்துக்கொள்ளும். சூடு என்ற அளவுகோலைக் கொடுத்தது நான். காலி என்ற சொல்லைச் சேர்த்தது அவர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். கேமராவைச் சரிபார்க்க, கையில் பிடித்துப் பார்க்கும் சூடுகாட்டி ஒன்று மேஜை இழுப்பறையில் இருக்கிறது, பேட்டரியில் ஓடும். அப்புறம், கிழக்குச் சுவரில் ஒரு தடித்த வயர். கேமரா, ரேடியோ, விளக்கு, கோபுரத்தில் ஆள் இருக்கிறார் என்ற தகவல், எல்லாவற்றையும் அந்த ஒரே வயரில் போட்ட புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். பிடுங்கிக் கிடந்தால் யோசிக்காமல் சொருகிவிடுங்கள்.

சுற்றிச் சுற்றி நடக்கிறேன். எட்டு அடியில் சுவர் வந்துவிடுகிறது. கீழே அவ்வளவு அடுப்பு எரிகிறது, இங்கே டப்பாச் சாப்பாடு. கோபுரத்தில் அடுப்பு கிடையாது. அவர்கள் கணக்குப்படி பார்த்தால் நானும் ஒரு காலித் தொட்டிதான்.

பதிவு 74
மாலை 6.40

கிழக்குச் சந்தில் ஒரு புள்ளி விழவில்லை. தொட்டி 21. நேற்று வரை நேரம் தவறாமல் எரிந்த அடுப்பு.

மாலை 7.15

இப்போது ஒன்பது தொட்டிகள் குளிர்ந்திருக்கின்றன. எல்லாம் 21ஐச் சுற்றி. மின்சாரக் கோளாறு என்றால் லைன் போகிற வழியில் வரிசையாக அணையும். இது அப்படி இல்லை. சந்து வளைகிற இடத்தில் வளைந்து, இரண்டு தொட்டியை விட்டுவிட்டு மூன்றாவதுக்குத் தாவுகிறது. காய்ச்சல் ஏதாவதா? காய்ச்சல் இப்படி ஒரு மணி நேரத்தில் பரவுமா? ரெஜினாவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

ரெஜினா குப்பத்தின் ரேடியோக்காரி. ஐஸ் பள்ளத்து வண்டிகளுக்கு வழி சொல்கிறவள். மேப் போடுகிறவள் என்பதால் என்னை 'மேப்பக்கா' என்பாள். நாங்கள் நேரில் பார்த்ததில்லை. அவள் குரல் கரகரப்பாக இருக்கும், என்னைக் கிண்டல் செய்யாமல் அவளுக்குப் பொழுது போகாது.

பதிவு 75
காலை 7.30

முப்பத்துநாலு தொட்டிகள். நடுவில் ஒன்று மட்டும், தொட்டி 17, ஜம்மென்று ஆரஞ்சாக எரிகிறது. சுற்றிலும் அத்தனையும் அணைந்திருக்க அது மட்டும் ஏன்? ரெஜினா கடைசியில் கிடைத்தாள். அவள் சொன்னது அப்படியே:

"இன்னாக்கா, நேத்துலேர்ந்து கூப்ட்டுகினே கீறியாமே. லூர்து அண்ணன் பூட்டாருக்கா. நேத்து மத்தியானம் நெஞ்ச வலிக்குதுன்னு குந்துனாரு, அப்டியே சாஞ்சிட்டாரு. இங்க பாதி வூட்டுக்குக் குழா மாட்னதே அவருதான். எடுக்கற வரைக்கும் எப்டிக்கா தெருவுல அடுப்பு பத்தவெக்கறது? மூத்த பொண்ணு ஸ்டெல்லா ஐஸ் பள்ளத்துல கீது. அது நாளைக்கு மத்தியானம் வந்துதான் எடுக்கணும்."

"பதினேழா? அது மரியதாஸு. ரெண்டு பேருக்கும் கக்கூஸ் பைப்புல தகராறு. ரெண்டு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசிக்கறதில்ல. அவன் லைனே தனியா இழுத்துக்கினான். இப்பக்கூட வீம்புக்குக் கொழம்பு வெச்சிகினு கீறான், பொறுக்கி."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்கு ஊர் பழவேற்காடு. எங்கள் பக்கம் மையத்து வீட்டில் மட்டும்தான் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாப்பா மௌத்தானபோது பக்கத்து வீடுகளிலிருந்து வந்த சோற்றில் எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் நிரம்பியிருந்தது. இங்கே தெருவே சேர்ந்து பட்டினி கிடக்கிறது. அதனால்தான் எனக்குப் பார்த்ததும் பிடிபடவில்லை.

பகல் 12.20

இதை நான் வரைந்தே ஆக வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. நடுவில் முப்பத்துநாலு குளிர்ந்த தொட்டிகள். அதைச் சுற்றி, மூன்று சந்து தள்ளி, வழக்கத்தை விட இரண்டு மடங்கு சூடாக ஒரு வளையம். கிழக்குச் சந்தின் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அங்கே சமைக்கிறார்கள். ரெஜினாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். "பசங்க இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

ஒருவர் செத்தால் எத்தனை வீடு குளிர்கிறது என்று பார்த்தால் அவர் யார் என்று தெரிந்துவிடும். எந்த வீடு எந்த வீட்டோடு ஒட்டியது, எது முறைத்துக்கொண்டது, எல்லாம் இதில் இருக்கிறது. எழுபது நாளாக வேலி எங்கே, வாசல் எங்கே என்று தேடியிருக்கிறேன். எல்லை இதுதான்.

நிர்வாகத்துக்கு விவரமாக எழுதி அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறது, பதிலே இல்லை.

நான் செத்தால் எத்தனை வீடு குளிரும்? இப்படிக் கேட்டுக்கொள்வது அசட்டுத்தனம். இருந்தாலும் கேட்டுக்கொண்டேன். நடந்துகொண்டே இருக்கிறேன், குட்டி போட்ட பூனை மாதிரி.

பதிவு 76
காலை 7.40

நிர்வாகத்தின் பொது அறிவிப்பு. நகரத்தின் காற்று இயந்திரங்களில் ஒன்று பழுது. சிக்கனம் தேவை. காலித் தொட்டிகளுக்கான ஏழு நாள் கெடு ஒரு நாளாகக் குறைக்கப்படுகிறது. இன்று காலை பத்து மணிக்கு அமலுக்கு வருகிறது. காற்று மீட்பு தானாக நடக்கும்.

இரண்டாவது முறை படித்தபோதுதான் மண்டையில் ஏறியது. ஒரு நாள். அந்த முப்பத்துநாலும் ஒரு நாளுக்கு மேல் குளிர்ந்து கிடக்கின்றன. கணினிக்கு அவை காலி. உள்ளே நூற்றுக்கு மேல் ஜனம் ஒரு பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது.

காலை 7.55

துணை மேலாளர் சடகோபனைப் பிடித்தேன். அவர் பதில்:

"மேடம், நீங்க அனுப்பின மேப்லதானே அதெல்லாம் கோல்டா இருக்கு? ஒரு மணி நேரத்துக்குள்ள எடுத்த படம் இருந்தா சிஸ்டம் ரன் ஆகும். நான் கையால நிறுத்த எனக்கு பவர் கிடையாது. மேலிடத்துக்கு ஒரு மெயில் போடுங்க, பார்க்கிறேன்."

சாவு வீடு என்றேன். அதற்கு அவர்:

"ஸாரி மேடம். ஆனா சாவுக்குன்னு சிஸ்டம்ல ஆப்ஷன் இல்லை. அவங்களை அடுப்பைப் போடச் சொல்லுங்களேன், முடிஞ்சுது. இதுக்குப் போய் டென்ஷன் ஆகறீங்க."

மெயில் போட்டேன். மேலிடம் பூமியில் தூங்குகிறதோ என்னவோ.

காலை 8.15

ரெஜினாவிடம் சொன்னேன். முதலில் நான் விளையாடுவதாக நினைத்தாள். பிறகு கத்தினாள்.

"பொணத்த நடு வூட்ல வெச்சிகினு அடுப்பு பத்தவெக்க சொல்றியா? அந்தப் பொம்பள மூஞ்சில நாள பின்ன எப்டிக்கா முழிக்கறது? நீ மேல குந்திகினு படம் புடிக்கறவ, ஒனக்கு இன்னா தெரியும்?"

சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும். வேறு சந்துக்குப் போய்விட முடியாதா என்று கேட்டேன். சந்துக் கதவுகளில் ரப்பர் தேய்ந்துபோயிருக்கிறதாம். முப்பத்துநாலு தொட்டியில் காற்றை இழுத்தால் பக்கத்துத் தொட்டிகளும் சேர்ந்து காலியாகும் என்றாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

காலை 8.50

ரெஜினா:

"அக்கா. லூர்து அண்ணன் சம்சாரம் சகாயமேரிகிட்ட சொல்லிட்டேன். அதுவே எந்திரிச்சி போயி, அவரு தலமாட்லயே, அடுப்பு சுச்ச போட்ருச்சு. 'அவரு மாட்ன குழாயில காத்து நின்னு போச்சுன்னா அவரு மொகத்துல நான் எப்டி முழிப்பேன், போடுங்கடி எல்லாரும்'னு சொல்லுச்சு. போட்றாங்கக்கா. சோறு ஆக்கல, வெறும் அடுப்புதான் எரியுது."

மேஜையில் தலையை வைத்து அழுதேன். ஒரு நிமிடம்தான். தகடு கேமராவுக்குத் தெரியுமளவு சுட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்து மணிக்குள் ஆகிவிடும்.

காலை 9.10

ஆகவில்லை. கிழக்குச் சந்தின் லைன் எரிந்துவிட்டது.

அந்த லைன் இவர்களே இழுத்துக்கொண்டது. முறை வைத்துத்தான் சமைப்பார்கள், பத்துப் பத்து வீடாக. அந்த மாலைநேரத்து அலை என் வரைபடங்களில் தினமும் தெரியும். இன்று ஒரே நேரத்தில் முப்பத்துநாலு அடுப்பு. அவசரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தினமும் அலையைப் பார்க்கிற எனக்கும் தோன்றவில்லை.

ரெஜினா: "கம்பி மொத்தமும் உருகிப் பூட்ச்சு. மத்தியானம் ஆவும் சரி பண்ண. மேப்பக்கா, எதுனா பண்ணுக்கா."

காலை 9.30

கேமராவை மூடினால்? எல்லாமே குளிராகத் தெரியும், நாளைக்கு மொத்தக் குப்பமும் காலி. உடைத்தாலும் அதே கதைதான். படமே போகாமல் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த படம் இல்லாவிட்டால் கணினி காத்திருக்கும். சடகோபனே வாய்விட்டுச் சொன்னார், அவருக்கு நன்றி.

வயர்.

கடைசிப் படம் 8.45க்குப் போனது. அடுத்தது 9.45.

ரெஜினாவிடம் சொன்னேன்: வயரைப் பிடுங்கப் போகிறேன். நீ பேசினால் எனக்குக் கேட்கும், விண்வெளி உடையின் ரேடியோ பேட்டரியில் ஓடும். நான் பேசினால் உனக்குக் கேட்காது, கீழே எட்ட கோபுரத்து ரேடியோ வேண்டும். லைனைச் சரி செய்து, எல்லாத் தகடும் நன்றாகச் சுட்டதும் சொல். திரும்பச் சொருகுகிறேன்.

அவள்: "ஒனக்கு எதுனா ஆவுமாக்கா?"

ஒன்றும் ஆகாது என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

காலை 9.41

பிடுங்கியாயிற்று. விளக்கு போய்விட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

காலை 10.20

பத்து மணி தாண்டியது. கீழே ஒன்றும் நடக்கவில்லை. ரேடியோவில் ரெஜினா யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தக் குரலைக் கேட்கத் தேனாக இருக்கிறது.

காலை 10.45

சுவருக்குள் ஒரு சத்தம். கோபுரத்தின் வால்வு மூடுகிறது.

எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? கோபுரத்துக்கு அடுப்பு கிடையாது. வயர் வழியாகப் போகும் தகவல்தான் இங்கே அடுப்பு. அது நின்று ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தொட்டிகளுக்கு ஒரு நாள் கெடு, எனக்கு ஒரு மணி நேரம்.

காற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டது. காது அடைக்கிறது. உடையைப் போட்டுக்கொள்ளப் போகிறேன்.

காலை 11.30

உடைக்குள் இருக்கிறேன். அறையில் காற்று இல்லை. கையுறையோடு எழுதுவதால் எழுத்து கோணல், பொறுத்துக்கொள்ளுங்கள். உடையில் மாலை வரை தாங்கும். மத்தியானம் லைன் வந்ததும் சொருகிவிட்டால் வால்வு திறந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை. பயமாக இருக்கிறது.

இப்போதே சொருகலாம். சொருகினால் எனக்குக் காற்று. அதே நொடியில் படமும் போகும், முப்பத்துநாலு தொட்டிக்கும் காற்று நிற்கும். இதை எழுதி வைப்பது யாரிடமும் பெருமை பேச அல்ல. கை இரண்டு தரம் வயர்ப் பக்கம் போய்விட்டது. எழுதினால் கைக்கு வேலை இருக்கும்.

பகல் 1.50

ரெஜினா:

"அக்கா, லைன் வந்துடுச்சு! இன்னா ஆச்சு தெரியுமா, மரியதாஸு அவன் வூட்டு லைன அறுத்துக் குடுத்துட்டான். கம்பிய கொணாந்து சகாயமேரி கால்கிட்ட போட்டுட்டு நின்னுகினு அழுவறான், அவ்ளோ பெரிய ஆளு. இப்ப முறை வெச்சி போட்றோம், பத்து பத்து வூடா. கடைசி வூடு சுட மூணு மணி ஆவும். இருக்கா, இரு."

இருக்கிறேன் என்று தலையாட்டினேன். யாருக்குத் தெரியப்போகிறது?

சூடுகாட்டியில் பார்க்கிறேன். முதல் பத்து தகடுகள் சிவக்கின்றன. தொட்டி 17 இன்று குளிர்ந்திருக்கிறது, அவனுக்கு லைன் இல்லை. இந்த அழகைப் படமெடுக்க முடியவில்லை.

பகல் 2.25

இருபது. இன்னும் பதினாலு.

பகல் 2.40

நிர்வாகத்தின் அறிவிப்பு, எல்லோருக்கும்:

"கோபுரம் நான்கிலிருந்து தகவல் நின்றுள்ளது. கோபுரத்தில் ஆள் இல்லை எனக் கணினி உறுதி செய்துள்ளது. காற்று மீட்பு நிறைவடைந்தது. பழுது பார்க்கும் குழு நாளை புறப்படும்."

ஆள் இல்லை. உறுதி செய்துள்ளது. அடப்பாவிகளா, நான் இங்கே நிற்கிறேன். ஜன்னலில் கையை அடித்தேன். காற்றில்லாத அறையில் சத்தம்கூட வரவில்லை.

பகல் 2.50

ரெஜினா:

"மேப்பக்கா? அக்கா, காத்த எடுத்துட்டாங்களா? ஒனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னியேக்கா. அக்கா? எதுனா பேசுக்கா. ஒரு தட்டு தட்டுக்கா."

தட்டினேன். கத்தினேன். உடைக்குள் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. கைவிளக்கை ஜன்னலில் ஆட்டினேன். கீழே எல்லோரும் மண்ணுக்குள் இருக்கிறார்கள், ஜன்னல் வைத்த தொட்டி ஒன்றுகூட இல்லை.

பகல் 3.05

முப்பது சுட்டாயிற்று, நாலுதான் பாக்கி, அதற்குள் ஒரு தகடு அணைகிறது. சூடுகாட்டியைத் துடைத்துப் பார்த்தேன். தகடு 21. சகாயமேரியின் அடுப்பு. பிறகு அதன் பக்கத்தது.

லைன் மறுபடி போய்விட்டது என்று நினைத்தேன். இல்லை. கிழக்குச் சந்தோடு நிற்கவில்லை. சோறு ஆக்கிக்கொண்டிருந்த வளையமும் அணைகிறது. மேற்குச் சந்து. பிள்ளையார் முனை. ஐஸ்காரர் வரிசை. நான் பெயர் வைத்து, எண் போட்டு, எழுபத்தாறு நாள் எண்ணிய ஒவ்வொரு சந்தும்.

பகல் 3.20

ரெஜினா. எல்லோருக்குமாகப் பேசுகிறாள், அழுகையோடு:

"எங்களுக்கோசரம் போயிடுச்சுப்பா அந்தப் பொம்பள. மூஞ்சிகூட பாத்ததில்ல. கேமராவும் இல்ல, பாக்கறதுக்கு ஆளும் இல்ல, இனிமே எவனுக்கு பயந்துகினு அடுப்பு எரிக்கணும்? ஸ்டெல்லா வந்துடுச்சு. லூர்து அண்ணன எடுத்துட்டு, அதே வண்டிய எடுத்துகினு மேல போறோம். மேப்பக்காவ எடுக்கற வரைக்கும் குப்பத்துல ஒரு அடுப்பும் எரியக் கூடாது. ஒண்ணு கூட."

ஒன்றுகூட எரியவில்லை. பார்த்துவிட்டேன். மொத்தக் குப்பமும் இருட்டு. நேற்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேனே, அதற்குப் பதில் வந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு சந்தோஷம் என் ஆயுளில் வந்ததில்லை. ரெஜினா, பைத்தியக்காரி, ஏன்டி அணைத்தாய்?

இனி நான் சொருக முடியாது.

மாலை. மணி பார்க்கவில்லை

வண்டி புறப்பட்டுவிட்டது. ஸ்டெல்லா ஓட்டுகிறாளாம், ரெஜினாவும் மரியதாஸும் கூட வருகிறார்கள். அப்பனைப் புதைத்த கையோடு என்னை எடுக்க வருகிறது அந்தப் பெண். மேட்டுப் பாதை சுற்றுவழி. அவர்கள் வரும் நேரத்துக்கும் என் காற்றுக்கும் நடுவில் கொஞ்சம் இடிக்கிறது. மெதுவாக மூச்சு விட்டால் எட்டலாம். இத்தனை நாள் நடந்தவள் இப்போது அசையாமல் உட்கார வேண்டும்.

வயரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்தது

யோசித்துப் பார்த்தேன். அவர்கள் கதவைத் திறந்ததும் முதலில் என்ன செய்வார்கள்? நான் சாய்ந்து கிடப்பேன். பக்கத்தில் பிடுங்கிய வயர். யாராக இருந்தாலும் அதைச் சொருகத்தான் கை போகும். காற்று வரட்டும், அக்கா பிழைக்கட்டும் என்று. மரியதாஸ் சொருகுவான். அவனால் கம்பியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது.

சொருகினால் படம் போகும். கீழே அத்தனையும் குளிர்ந்து கிடக்கிறது. முப்பத்துநாலு கெடு தாண்டியது. ரப்பர் தேய்ந்த கதவுகள்.

முதல் பதிவில் 'யோசிக்காமல் சொருகிவிடுங்கள்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். மூன்று கோடு.

அடுத்தது

எல்லாத் தாளையும் சுருட்டி வயரின் முனையில் கட்டுகிறேன். ரெஜினாவுக்கு எழுதிய தாள் மேலே இருக்கும். பெரிதாக எழுதியிருக்கிறேன்.

ஜன்னலில் வெளிச்சம் ஆடுகிறது. வண்டியா, கண்ணா. தெரியவில்லை.

ரெஜினா, குரல் கேட்கிறது, "வந்துட்டோம்கா" என்கிறாய். யாரிடம் சொல்கிறாய், செத்தவளிடமா? வாய் வறள்கிறது. பென்சில் நழு

ரெஜினாவுக்கு

வயரைத் தொடாதே.

மரியதாஸ் கையைப் பிடித்துக்கொள்.

என்னைப் பார்க்காதே. கீழே கூப்பிடு, வண்டி ரேடியோவில். எடுக்கும் வரைக்கும் என்று பிடிவாதம் வேண்டாம். எல்லா வீட்டிலும் போடச் சொல். பத்துப் பத்தாக. சுடும் வரைக்கும் காத்திரு. சூடுகாட்டி என் கையில், பார்த்துக்கொள்.

முதலில் அடுப்பு.

அப்புறம் வயர்.

அதற்கப்புறம் நான்.